மாரெனுக்கு ஒரு நடுப்பேர்

"மாரென் ரோஸ் டக்கெட்! மரத்தை விட்டு இறங்குடி கீழே!"

பிரசவ வார்டே அதிர்ந்தது. நர்ஸ் லோரீன் ஓடி வந்து அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மரமும் இல்லை, மரத்தில் யாரும் இல்லை. மாரென் பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. தொட்டிலில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கத்தியது அவளுடைய அப்பாவைப் பெற்ற ஓப்பல் அம்மாள்.

"ம்ஹூம், எடுபடலை," என்று ஓப்பல் உதட்டைப் பிதுக்கினாள். "ரோஸ்னு வர்றப்ப சத்தம் அப்படியே படுத்துக்குது. இதுக்கெல்லாம் புள்ளை இறங்காது. முழுப்பேரைச் சொன்னா முதுகு சில்லிட வேணாமா?"

ஜார்ஜியாவின் அந்தத் தென்கோடி ஊரில் முதல் பேருக்கும் குடும்பப் பேருக்கும் இடையில் வைக்கிற நடுப்பேர் பொருந்துகிறதா என்று இப்படித்தான் பார்ப்பார்கள். பிள்ளை தப்புச் செய்தால் தாய் கொல்லையில் நின்று முழுப்பேரையும் கத்துவாள். அந்தக் கத்தலுக்குத் தாங்குகிற பேர்தான் பேர்.

படுக்கையில் கிடந்த கரின் பல்லைக் கடித்துக்கொண்டாள். வடக்கே பனி கொட்டும் மினசோட்டாவில் பிறந்தவள் அவள். புருஷன் வேட் சொந்த ஊரில் வேலை கிடைத்ததென்று அழைத்து வர, இந்தப் புழுக்கத்துக்கு வந்து இரண்டே மாதம். மாமியாரிடம் இன்னும் அளந்துதான் பேசுவாள். ஆனால் ஒரு விஷயத்துக்காக அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று நினைத்திருந்தாள்.

கரினின் அம்மா பேரும் மாரென்தான். போன குளிர்காலத்தில் இறந்துபோனாள், பேத்தி வரப்போவது தெரியாமலேயே. அந்தப் பேரை மறுபடியும் ஒரு வீட்டில் யாராவது வாய்விட்டுக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் கரினின் ஒரே ஆசை. பயந்து பயந்துதான் மாமியாரிடம் கேட்டாள்.

"முதல் பேருதானே? அது உன் இஷ்டம்மா. நடுப்பேரை மட்டும் எங்களைக் கலந்துக்கோ," என்று ஓப்பல் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். கரின் அன்றைக்கு அழுதேவிட்டாள்.

அந்த நன்றிக்கடனில்தான் இப்போது, "ரோஸ் வேணாம்னா நீங்களே ஒண்ணு சொல்லுங்க அத்தை," என்று வாயை விட்டாள்.

"மோசெல்," என்றாள் ஓப்பல், கேட்டு முடிப்பதற்குள். "எங்கம்மா பேரு. இரு, பாத்துடுவோம். மாரென் மோசெல் டக்கெட்!"

வராந்தாவில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள்.

"கேட்டியா? அதுதான் பேரு!"

வேட் ஒரு கையில் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலமும் மறு கையில் போனுமாக உள்ளே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ட்ருசில்லா அத்தை பேசறாங்க. மோசெல்னு நீங்க கத்தினது போன்ல அவங்களுக்குக் கேட்டுடுச்சு."

ட்ருசில்லா, வேட்டின் அப்பாவுக்கு அக்கா. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். ஊரில் போதகரை எதிர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு, அவளை எதிர்த்துப் பேசுகிறவர்கள் கிடையாது.

"தம்பியைத் தூக்கி வளத்தது யாரு? நானு!" போன் அலறியது. "அவன் பேத்திக்கு மோசெலா? வெச்சுக்கோங்க. ஞானஸ்நானத்துக்கு ஆர்கன் வாசிக்க மட்டும் என்னைத் தேடாதீங்க!"

கரின் அவசர அவசரமாகச் சொன்னாள். "சண்டை எதுக்கு அத்தை? ரெண்டு பேரையும் வெச்சுடலாம். மாரென் மோசெல் ட்ருசில்லா."

போன் ஒரு கணம் யோசித்தது. "அதென்ன மோசெல் முன்னாடி, நான் பின்னாடி?"

"முன்னாடி போடலாமே அத்தை."

"அப்ப எங்கம்மா வாலா?" என்றாள் ஓப்பல்.

"நான் நேர்லயே வர்றேன்," என்றது போன். "எல்லாத்தையும் முதல்லேருந்து பேசுவோம்."

முதல்லேருந்து! கரின் தொட்டிலைப் பார்த்தாள். முதல்லேருந்து என்றால் மாரெனிலிருந்துதானே?

போதாக்குறைக்குப் பிறப்புப் பதிவு செய்யும் பெண் கதவருகில் வந்து நின்றாள். "மத்தியானத்துக்குள்ள கையெழுத்து வேணும்மா. பேரு முடிவாயிடுச்சா?"

"ஆச்சு!" என்றாள் கரின்.

"ஆகலை!" என்றாள் ஓப்பல்.

"பாதி ஆச்சு," என்றான் வேட்.

ட்ருசில்லா வந்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் ஓப்பல், நடுவில் தையல் போட்ட வயிறோடு கரின்.

"மாரென் ட்ருசில்லா டக்கெட்!"

"மாரென் மோசெல் டக்கெட்!"

"உன் சத்தத்துல பால்தான் திரியும்!"

"உங்க ஆர்கனைவிடத் தேவலாம்!"

குழந்தை வீறிட்டது. வேட் கடலையை உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். வாய் நிறைய இருந்தால் அபிப்பிராயம் சொல்ல வேண்டியதில்லை. இப்படியே போனால் பேர் மொத்தமும் கைவிட்டுப் போய்விடும் என்று கரினுக்குத் தோன்றியது. பொறுமை அறுந்து அவளும் கத்தினாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சவங்க, இப்ப உயிரோட இல்லாதவங்க, யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லுங்க!"

ட்ருசில்லா தொப்பியைக் கழற்றினாள்.

"பெர்மீலியா," என்றாள் மெதுவாக.

"ஐயோ, நம்ம ஊரு பெர்மீலியாம்மா!" ஓப்பல் நெஞ்சில் கை வைத்தாள். "கொதிக்கற பாகுக் கரண்டியோட வரிக்காரனை ஆத்தங்கரை வரைக்கும் துரத்தினவங்களாச்சே!"

"மூணு புருஷனைப் புதைச்சவங்க!"

"ஒருத்தனுக்கும் அழலையாமே!"

இரண்டு பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கரின் அந்தப் பேரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பெர்மீலியா. மாடிப்படியில் தகர டப்பா உருள்வது போல இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். அவள் ஊரில் நடுப்பேர் என்பது பரண்மேல் போட்ட பெட்டி; யாரும் இறக்குவதில்லை. அவளுக்கே ஹெல்கா என்று ஒன்று உண்டு, கூப்பிட்டவர் இல்லை.

"பெர்மீலியாவே வைங்க," என்றாள்.

வேட்டுக்குக் கடலை தொண்டையில் சிக்கியது. "கரின், நிஜமாத்தான் சொல்றியா? பெர்மீலியாவா? பாவம், வாழ்நாள் பூரா..."

"வாழ்நாள் பூரா ஒரு ஓரமாக் கிடக்கப்போற பேருதானே? அதுக்கு என்ன யோசனை?"

ஓரமா என்று வேட் விழித்தான். ஆனால் பிள்ளை பெற்ற மறுநாள் பெண்டாட்டியோடு வாதாடுகிற அளவுக்கு அவன் துணிந்தவன் அல்ல.

கரின் கையெழுத்துப் போட்டாள். பதிவுக்காரப் பெண் காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ட்ருசில்லா ஓப்பலைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானத்துக்கு ஒரு பாட்டுக்கு இரண்டு பாட்டாக வாசிப்பதாகச் சத்தியம் செய்தாள். கரினுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டோம் அம்மா என்று நினைத்துக்கொண்டாள். கண் கலங்கியது.

ஓப்பல் குழந்தையைத் தூக்கினாள். "வாடி என் பெர்மீலியா!"

கரின் சிரித்தாள். மாமியாருக்கு விளையாட்டு.

"பெர்மீலியாவுக்குக் காது அப்படியே நம்ம பக்கம்," என்றாள் ட்ருசில்லா.

கரின் கொஞ்சமாகச் சிரித்தாள்.

"பெர்மீலியா கண்ணு முழிச்சுட்டா பாரு," என்றான் வேட்.

"மாரென்," என்றாள் கரின். ஒருவரும் திரும்பவில்லை. ஊருக்கெல்லாம் காட்டுவதற்காக மூன்று பேரும் குழந்தையோடு வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். "பெர்மீலியா, பெர்மீலியா" என்று சத்தம் தூரத்தூரப் போனது.

லோரீன் வந்து கரினின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். அது எகிறிக்கொண்டிருந்தது.

"அவ பேரு மாரென்," என்றாள் கரின், அழாத குறையாக. "முதல் பேரு அதுதானே? ஏன் சிஸ்டர் ஒருத்தர்கூட அப்படிக் கூப்பிட மாட்டேங்கறாங்க?"

"ஊருக்குப் புதுசா கண்ணு?" லோரீன் போர்வையை இழுத்துவிட்டாள். "எங்க ஊர்ல முதல் பேரு கல்லறைக்கல்லுக்கு மட்டும்தான், சாகற வரைக்கும் கூப்பிடறதெல்லாம் நடுப்பேரை. இல்லேன்னா உன் மாமியார் முதல் பேரை உனக்கு விட்டுக்குடுத்திருப்பாங்களா?"