டிக்கெட் எடுக்காத கண்

வாழ்நாளில் ஒரு தடவையாவது மனைவியை ஏமாற்றிக் காட்டியே தீருவது என்று கடிகாரக்காரர் சபதம் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்ட இடம் குளியலறை. கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியில் தெரிந்த ஆளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்ட சபதம் அது.

இதில் என்ன வீரம் என்று கேட்கிறவர்களுக்கு அந்த அம்மாளின் உத்தியோகம் தெரிந்திருக்காது. அவர் பஸ் கண்டக்டர். நிற்க இடமில்லாத கூட்டத்தில் ஒரு பார்வை பார்த்து, டிக்கெட் எடுக்காத ஆள் இன்னார் என்று கை காட்டிவிடுவார். எப்படி என்று கேட்டால், அதில் ரகசியம் ஒன்றுமில்லை, டிக்கெட் இல்லாதவர்கள் இரண்டே ரகம் என்பார். ஒரு ரகம், கேட்பதற்கு முன்பே 'எடுத்தாச்சு, எடுத்தாச்சு' என்று முந்திக்கொள்ளும். இன்னொரு ரகம், ஜன்னலுக்கு வெளியே என்னவோ அதிசயம் நடப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருக்கும். கடிகாரக்காரர் பிறவியிலேயே முதல் ரகம். கல்யாணமான நாளிலிருந்து அகப்பட்டுக்கொண்டே வருகிறார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் தூக்கிப்போட மனசு வராது. கடையில் ஒடிந்த முள், தேய்ந்த பல்சக்கரம், எந்தக் கடிகாரத்துத் திருகாணி என்று அதற்கே மறந்துபோன திருகாணி எல்லாம் டப்பா டப்பாவாகத் தூங்கும். வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார். அடியில் தங்கிப்போன இருமல் மருந்து, ஒற்றை மாத்திரை மிஞ்சிய அட்டைகள், வயிறு ஒட்டிய களிம்புக் குழாய்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆபத்துக்கு உதவும் என்பது அவர் கட்சி. அந்த டப்பாவே ஒரு ஆபத்து என்பது மனைவியின் கட்சி.

இப்படிப்பட்டவருக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் வலது கண் திறக்க மறுத்தது. இரண்டு இமையும் மஞ்சள் பீளையில் ஒட்டிக்கொண்டிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் திறந்தால், உள்ளே கோவைப்பழம்.

அதுவும் வலது கண். பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு கடிகாரத்தின் வயிற்றுக்குள் பார்ப்பது அந்தக் கண்ணால்தான். கேரம் பலகையில் குறி பார்ப்பதும் அதே கண்ணால்தான். ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் கேரம் இறுதிப் போட்டி. எதிரே உட்காரப்போவது மனைவியின் தம்பி, போட்டோ ஸ்டுடியோக்காரர். வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவதோடு விடாமல், வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் ராணியை எந்த மூலையில் எப்படி விழவைத்தேன் என்று குழம்பு ஆறுகிறவரை விளக்குகிற மனிதர். இந்த வருஷமாவது அந்த வாயை மூட வேண்டும் என்பதுதான் கடிகாரக்காரரின் ஒரே லட்சியம்.

ஆகவே உடனே பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். போன வருஷம் மனைவிக்குக் கண்வலி வந்தபோது மிஞ்சிய சொட்டு மருந்து அடியில் இருந்தது. பார்த்தாயா என்று பெருமையாக மூடியைத் திருகும்போது சீசா கையைவிட்டுப் போய்விட்டது. பின்னால் கண்டக்டரம்மா அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"போன வருஷ டிக்கெட்டை வச்சுக்கிட்டு இந்த வருஷம் பஸ்ல ஏறுவீங்களா?"

"மருந்து மருந்துதானே?"

"அது எனக்குக் குடுத்த மருந்து. திறந்து ஒரு வருஷமாச்சு. உள்ளே என்னென்ன குடித்தனம் பண்ணுதோ, யாருக்குத் தெரியும். செருப்பை மாட்டுங்க, டாக்டர்கிட்ட போவோம்."

டப்பா மொத்தமும் அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேறியது. சொத்து பறிபோனவர் மாதிரி கடிகாரக்காரர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இது பாக்டீரியா வேலை என்றார். கிருமியைக் கொல்லும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கண்ணைக் கசக்கக் கூடாது, துண்டு தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், கண் சரியாகும்வரை பூதக்கண்ணாடியை அந்தக் கண்ணில் வைக்கவே கூடாது என்றார். கடைசியில் ஒன்றை மட்டும் விரலை நீட்டிச் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் முழுசாப் போடணும். சிவப்பு போயிடுச்சேன்னு நடுவுல நிறுத்தாதீங்க. சிவப்புதான் போயிருக்கும், கிருமி மிச்சம் இருக்கும். அது திரும்பி வந்தா இன்னும் பாடாப்படுத்தும்."

மருந்தைத் தான் போட்டுவிடுவதாக மனைவி சொன்னார். கடிகாரக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. எறும்புக் கால் அளவு திருகாணியை இடுக்கியில் பிடித்து நிறுத்துகிற கை இது, ஒரு சொட்டு மருந்து போடத் தெரியாதா என்று கேட்டார். தெரியவில்லை. சீசா கண்ணை நெருங்கும்போதே இமை கடையைச் சாத்திவிடும். ஒரு சொட்டு புருவத்தில் விழும். ஒரு சொட்டு மீசைக்குப் போகும். தப்பித்தவறி உள்ளே விழுந்த சொட்டு கண்ணுக்குப் போனதோ இல்லையோ, மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் வேப்பெண்ணெயாகக் கசக்கும். 'சர்க்கரை, சர்க்கரை' என்று கத்திக்கொண்டே வெளியே வருவார். மனைவி ஒரு சிட்டிகை சர்க்கரையை நீட்டுவார்.

இப்படியே போட்டும்கூட வியாழக்கிழமைக்குள் கண் தெளிந்துவிட்டது. சீசாவைத் தூக்கிப் பார்த்தார். இன்னும் நிறைய இருந்தது. தெளிந்த கண்ணுக்கு எதற்கு மருந்து? மிச்சத்தைப் பத்திரப்படுத்தினால் பறிபோன சொத்தில் கொஞ்சம் மீண்டுவிடும். தவிர, போட்டால் கொஞ்ச நேரம் கண் மங்குகிறது, கேரம் பழக முடியவில்லை. குளியலறைச் சபதம் பிறந்தது அப்போதுதான்.

குழாய்த் தண்ணீரைக் கன்னத்தில் தடவிக்கொண்டு, ஒற்றைக் கண்ணைச் சிமிட்டியபடி வெளியே வந்தார்.

"போட்டாச்சு, போட்டாச்சு."

சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கை ஒரு நொடி நின்றது. "நான் கேட்கவே இல்லையே."

"சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்."

"இன்னிக்குக் கசக்கலையா?"

"பழகிடுச்சு."

மனைவி இஸ்திரியைத் தொடர்ந்தார். கடிகாரக்காரருக்குத் தன் தவறு உடனே பிடிபட்டது. சர்க்கரை. அடுத்த வேளை அதையும் சேர்த்துக்கொள்வது என்று தீர்மானித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அரங்கேற்றம். அலமாரியிலிருந்து மருந்து அட்டைப்பெட்டியை எடுத்தார். மனைவி பார்க்கும்படி ஆட்டியபடியே குளியலறைக்குள் போனார். உள்ளே பெட்டியைச் சோப்பு மாடத்தில் வைத்துவிட்டு நின்றபடியே கொட்டாவி விட்டார். பிறகு கன்னத்தை நனைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தார். நடிப்பு பிய்த்துக்கொண்டு போனது.

"அப்பப்பா, என்ன எரிச்சல். சொட்டு நேரா உள்ளே விழுந்துடுச்சு. சர்க்கரை குடும்மா, தொண்டையெல்லாம் கசக்குது."

மனைவி சர்க்கரை கொடுத்தார். ஒரு சிட்டிகைக்குப் பதில் ஒரு கரண்டியே கொடுத்தார். அவர் அதை ரசித்துச் சாப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு தோளில் மாட்டியிருந்த தோல் பைக்குள், டிக்கெட் கட்டுக்கும் சில்லறைக்கும் நடுவே கையை விட்டு, கண் மருந்துச் சீசாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நேத்து சாயங்காலத்திலிருந்து இது என்கிட்டதான் இருக்கு. பெட்டி லேசா இருந்திருக்குமே, நீங்க கவனிக்கலையா?"

கடிகாரக்காரர் வாயில் மிச்சமிருந்த சர்க்கரையை விழுங்கினார்.

இனி மூன்றில் ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்தார். திட்டு, அழுகை, மைத்துனருக்குப் போன். மூன்றும் நடக்கவில்லை. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இந்தக் கண்ணை வச்சுத்தான் நீங்க கடை நடத்துறீங்க. திங்கட்கிழமை அதைப் பார்த்தப்போ நான் பயந்துபோயிட்டேன். நீங்க விளையாடுங்க, வேணாம்னு நான் சொல்லலை. ஆனா மருந்து போடாம மறுபடி சிவந்துச்சுன்னா, கண்ணைத் துடைச்ச கையால அந்த ஸ்ட்ரைக்கரைத் தொட உங்களை விடமாட்டேன். அதையேதான் என் தம்பியும் தொடணும். சங்கத்துச் செயலாளர்கிட்ட நானே போய்ச் சொல்லிடுவேன்."

கடிகாரக்காரருக்கு வெட்கமாக இருந்தது. மனைவி பயந்த விஷயம் அவருக்குத் தெரியாது. நாற்காலியில் தலையைச் சாய்த்தார்.

மனைவி சோப்புப் போட்டுக் கையைக் கழுவி வந்தார். மேலே விட்டத்தைப் பார்க்கச் சொன்னார். கீழிமையை மெல்ல இழுத்ததும் அது சின்னப் பை மாதிரி விரிந்தது. சீசாவின் மூக்கு கண்ணிலும் படாமல் இமை மயிரிலும் படாமல் ஒரே ஒரு சொட்டு அந்தப் பைக்குள் விழுந்தது. கண்ணை இறுக்காமல் மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் மெதுவாக அழுத்திக்கொண்டே இருந்தார்.

கடிகாரக்காரர் கசப்புக்காகக் காத்திருந்தார். அது வரவேயில்லை.

"கசக்கலையே?"

"இந்த ஓரத்துலதான் வழி. அழுத்திப் பிடிச்சா தொண்டைக்கு இறங்காது, கண்ணுலயே தங்கும். டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க. நீங்க அப்போ சுவர்ல இருந்த கடிகாரம் ரெண்டு நிமிஷம் பிந்தி ஓடுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தீங்க."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் கால் வைக்க இடமில்லை. கடிகாரக்காரரின் வலது கண் கழுவித் துடைத்த கண்ணாடியாக இருந்தது. பலகையின் மறுமுனையில் ஒட்டியிருந்த பவுடர் தூள்கூடத் தெரிந்தது. மைத்துனர் வழக்கம்போல் சிரித்தபடி உட்கார்ந்தார். ஆட்டம் கடைசிக் காய்களுக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நடுவில் ராணி. கடிகாரக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுண்டினார். ராணி ஓரத்தில் முட்டித் திரும்பி, யாரோ கூப்பிட்டதுபோல் நேராக மூலைக்குள் போனாள். துணைக்கு ஒரு வெள்ளைக் காய் பின்னாலேயே போனது. அரங்கம் அதிர்ந்தது. எல்லோரையும்விட ஓங்கிக் கைதட்டியது, தோற்றவரின் சொந்த அக்கா.

கோப்பையை வாங்கிக்கொண்டு கடிகாரக்காரர் பேசினார். விடாமுயற்சி பற்றிப் பேசினார். கூர்மையான பார்வை பற்றிப் பேசினார். சொட்டு மருந்து பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கோப்பை கையில், தலை ஆகாயத்தில்.

வீட்டில் கடைசிச் சொட்டையும் போட்டுவிட்டு மனைவி சீசாவை அவரிடமே நீட்டினார். "இதோட முடிஞ்சுது. மிச்சத்தைக் குப்பையில போட்டுடுங்க."

வென்ற மனிதருக்கு அந்த நேரத்தில் பழைய சபதம் ஞாபகம் வந்தது. இன்றைக்கு விட்டால் என்றைக்கு? காலி அட்டைப்பெட்டியை மட்டும் கூடையில் சத்தம் கேட்கப் போட்டார். சீசாவைக் கோப்பைக்குள் இறக்கி, கோப்பையைக் கண்ணாடி அலமாரியின் உச்சியில் ஏற்றினார். இந்த முறை 'போட்டாச்சு' என்று முந்திக்கொள்ளவில்லை. பாடம் கற்ற ஆள். பேசாமல் ஜன்னலோரம் போய் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியும் ஒன்றும் கேட்கவில்லை. சபதம் நிறைவேறியது. அதன்பிறகு மைத்துனர் சாப்பிட வரும்போதெல்லாம் கோப்பையைப் பார்த்துக் கடிகாரக்காரர் சிரிப்பார். ஆட்டத்தில் வென்றதற்காகச் சிரிக்கிறார் என்று மைத்துனர் நினைத்துக்கொள்வார்.

சில மாதம் கழித்து, கடையில் பழைய சுவர்க்கடிகாரம் ஒன்றை ஊதித் துடைத்தபோது கண்ணில் தூசி விழுந்து உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும், கண்ணில் தூசி என்று மட்டும் சொல்லிவிட்டு, மனைவி அடுப்படியில் இருக்கும் நேரமாகப் பார்த்து முக்காலியில் ஏறினார். ஆபத்துக்கு உதவும் என்று அன்றே சொன்னேனே என்று மனசுக்குள் மார்தட்டியபடி கோப்பைக்குள் கையை விட்டார்.

சீசா இல்லை. ஒரு பொட்டலம் இருந்தது. கிழித்த பஸ் டிக்கெட்டில் மடித்த ஒரு சிட்டிகை சர்க்கரை.

"தூசிதானேங்க? கசக்காம தண்ணியில கழுவுங்க, சரியாகலைன்னா டாக்டர்கிட்ட போவோம்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அன்னிக்கு அவ்வளவு நேரம் ஜன்னலுக்கு வெளியே என்னத்தைத்தான் பார்த்தீங்க?"