திங்கட்கிழமைக் கப்பல்

படகின் சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் காதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் குருநாதனுக்குச் செய்யக் கூடாததைச் செய்துவிட்டோமோ என்று தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம்? படகு போய்விட்டது. நீந்திப் போய்ப் பிடிக்கிற ஆசாமியும் இல்லை அவன். மன்னார்குடித் தெப்பக்குளத்திலேயே கடைசிப் படியைத் தாண்டாதவன்.

அவன் நின்றுகொண்டிருந்தது போர்ட் பிளேருக்கு வடக்கே ஒரு குட்டித் தீவு. மரப்பலகை பங்களா ஒன்று, கிணறு ஒன்று, படகு கட்ட ஒரு சின்ன ஜெட்டி. மிச்சமெல்லாம் மரமும் மணலும்தான். பங்களாவுக்கு இருந்த ஒரே காவல்காரனும் சாவியைக் கையில் திணித்துவிட்டு, ஊரில் கல்யாணம் என்று வந்த படகிலேயே ஏறிக்கொண்டான். இப்போது தீவில் இருந்தது குருநாதனும் அவன் மனைவி மங்கையர்க்கரசியும் மட்டும். சனிக்கிழமை காலை வந்து, ஞாயிறு சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலை ஹேடோ துறைமுகத்திலிருந்து மெயின்லாண்டுக்கு, அதாவது மதராஸுக்குக் கப்பல். அதில் மங்கை மட்டும் ஏறுகிறாள்.

ஆனால் கிளம்புவதற்கு முன், சாத்தம் ஜெட்டியிலேயே படகுக்காரன் ஜம்புலிங்கத்தை ஓரங்கட்டி குருநாதன் ஒரு காரியம் செய்திருந்தான். ஞாயிறு வராதே, திங்கள் மத்தியானம் வா, இஞ்சின் மக்கர் பண்ணிவிட்டது என்று சொல்லிக்கொள் என்று காதைக் கடித்திருந்தான். ஜம்புலிங்கம் தாத்தா காலத்திலிருந்து தீவுக்காரன். தமிழைப் பாதி இந்தியில் ஊறப்போட்டுப் பேசுவான். "அச்சா சாப், பக்கா" என்று தலையாட்டிவிட்டான். ஏன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது. ஒருத்தன் பாவம் செய்ய வந்தால் எதிராளி ஒப்புக்காவது தடுக்க வேண்டாமா?

குருநாதனைச் சொல்லியும் குற்றமில்லை. அவனுக்குத் துறைமுக ஸ்டோரில் கிளார்க் வேலை. பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்கு உத்தியோகம் எந்த ஊரில் என்று மங்கையின் அப்பா நாகரத்தினம் கேட்டார். "மதராஸுக்கு அடுத்த ஸ்டாப்புங்க" என்றான் இவன். பொய் இல்லை. மதராஸில் கப்பல் ஏறினால் நடுவில் எங்கேயும் நிற்காதுதான். நடுவில் இருப்பது நாலு நாள் தண்ணீர் என்பதை மட்டும் கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தான். அதை மாமனார் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது தந்தி அடித்துவிட்டார். பெண்ணை அடுத்த கப்பலில் அனுப்பி வை, மெயின்லாண்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து நீயே அழைத்துப் போ என்று.

மாற்றலாவது மண்ணாங்கட்டியாவது. அந்த ஸ்டோரிலிருந்து மாற்றலாகிப் போனவன் என்று இதுவரை ஒருத்தனும் இல்லை. மங்கை கப்பல் ஏறினால் ஏறினதுதான் என்று குருநாதனுக்கு நன்றாகத் தெரியும்.

"போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தந்தியைப் படித்துக் காட்டியபோது அவள் "சரி" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதைப் படகுக்காரனிடம் போய்ச் சொன்னான். அப்படிப்பட்ட புத்திசாலிகள் ஊருக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அதை விடுங்கள். தீவு எப்படி இருந்தது தெரியுமா? கரையோரம் கடல் கண்ணாடி போலக் கிடந்தது. கொஞ்சம் தள்ளிப் பச்சை, அதற்கும் அப்பால் நீலம், அதற்கும் அப்பால் எது கடல் எது வானம் என்று சொல்ல முடியாத ஒரு வெளுப்பு. பெரிய மரங்கள் தண்ணீர் வரைக்கும் கிளையை நீட்டிக்கொண்டு தூங்கின. சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் வீட்டைத் தூக்கிக்கொண்டு மணலில் போய்க்கொண்டே இருந்தன, எங்கே என்று அவற்றுக்கும் தெரியாது போல. காட்டுப்புறா ஒன்று எங்கேயோ உள்ளிருந்து அரைத்தூக்கத்தில் முனகியது. சத்தம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

மங்கை செருப்பைக் கழற்றி வீசிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் நடந்தாள். சின்னச் சின்ன நீல மீன்கள் அவள் காலைச் சுற்றி வந்தன. அவள் அசையாமல் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மர நிழலில் மணலில் படுத்துக்கொண்டு, இலைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்தபடி இருந்தாள். குருநாதனும் பக்கத்தில் படுத்தான். சனிக்கிழமை எப்போது நடுப்பகலாகி எப்போது சாய்ந்தது என்றே தெரியவில்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று அவன் நினைத்த நேரத்தில்தான் அவள் பெருமூச்சு விட்டாள்.

"என்ன மங்கை?"

"ஒண்ணுமில்ல. ஊருக்குப் போனா விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும். வாசல் தெளிச்சுக் கோலம் போட்டு, பத்துப் பேருக்குக் காபி போட்டு... அதான் நினைச்சுக்கிட்டேன்."

குருநாதனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பாவம், பிறந்த வீட்டு ஏக்கம். கோலத்தையும் காபியையும்கூட நினைத்து நினைத்து உருகுகிறாள். இவளைப் போய்த் தீவில் அடைத்துவைக்கத் திட்டம் போட்டோமே, நான் மனுஷனா என்று நொந்துபோனான். அதற்குமேல் அவள் ஒன்று கேட்டாள் பாருங்கள்.

"படகு ஞாயித்துக்கிழமை கட்டாயம் வந்துடுமாங்க?"

கேட்கும்போது நெற்றி சுருங்கியிருந்தது. வராமல் போனால் என்ன செய்வது என்ற கவலை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. வந்துவிடும் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தலையை அடகு வைத்தாவது அந்தப் படகை ஞாயிற்றுக்கிழமையே வரவழைத்துவிடுவது என்று முடிவு கட்டினான்.

ஞாயிறு காலை முதல் காரியமாக ஜெட்டிக் கம்பத்தில் தன் வெள்ளை வேட்டியைக் கட்டப் போனான். கம்பத்தில் வெள்ளைத் துணி பறந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம், அந்தப் பக்கம் போகிற எந்தப் படகும் வந்து விசாரிக்கும். அந்தப் பக்கத்துத் தீவுகளில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. எதற்கு வேட்டி என்று மங்கை கேட்டாள். காயப்போடத்தான் என்று மழுப்பினான். அப்படியானால் தானே கட்டுகிறேன், துணி உலர்த்துவது பொம்பளை வேலை என்று அவள் வாங்கிக் கட்டினாள். நன்றாகத்தான் கட்டினாள். ஆனால் லேசாக ஒரு காற்று அடித்ததும் வேட்டி அவிழ்ந்து, பெரிய கொக்கு மாதிரி கடலுக்கு மேலே பறந்து போய்த் தண்ணீரில் இறங்கியது. மாற்று வேட்டி கொண்டுவரவில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்து மங்கை சிரித்த சிரிப்பில் புறாவே முனகலை நிறுத்திவிட்டது.

போனது வேட்டிதானே என்று தேற்றிக்கொண்டபோது, கடவுள் கண் திறந்தார். தெலுங்குக்கார மீனவர் ஒருவர் டிங்கி என்கிற சின்னப் படகில் வந்து சேர்ந்தார், கையில் சொட்டச் சொட்ட அதே வேட்டி. யாருக்கு உடம்பு சரியில்லை என்று சைகையில் விசாரித்தார். குருநாதன் அவரைத் தனியாக அழைத்துப் போய், தெரிந்த இந்தியில் கெஞ்சினான். உடனே ஊருக்குப் போய், இன்றைக்கே படகைக் கொண்டுவரும்படி ஜம்புலிங்கத்திடம் சொல்ல வேண்டும் என்றான். மீனவரும் சரியென்று கிளம்பினார். குருநாதனுக்கு மூச்சு வந்தது.

கிளம்பியவரை மங்கை விடவில்லை. வந்த மனுஷரைப் பட்டினியாக அனுப்புவதா என்று ஒரே பிடிவாதம். அவர் கொண்டுவந்த பாரை மீனையே வாங்கிக் குழம்பு வைத்தாள். சாதம் மூன்றாம் தரம் போட்டபோது குருநாதன், அவருக்கு நேரமாகிறதே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான். அவள் நாலாம் தரமும் போட்டாள். சாப்பிட்ட கையோடு மீனவர் மரத்தடியில் ஒரு கண் அயர்ந்தார். அந்தத் தீவில் யார் படுத்தாலும் தூக்கம் தானாக வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அவர் எழுந்து பார்த்தபோது கடல் வற்றிப் போய், டிங்கி பவளப்பாறை மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

குருநாதன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிள்ளையார் பிடிக்கப் போனால் குரங்கு கூட வரவில்லை, வெறும் களிமண்தான் கையில் ஒட்டுகிறது. தண்ணீர் மறுபடி ஏறி, டிங்கி மிதந்து, மீனவர் கும்பிட்டுவிட்டுப் போனபோது வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. நிச்சயம் சொல்லிவிடுகிறேன் என்றுதான் சொல்லிப் போனார்.

மங்கை ஜெட்டியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தாள். சூரியன் போன இடத்தில் கடல் ரோஜா நிறமாகக் கிடந்தது. எந்தப் படகையும் காணோம். அதற்கு மேல் குருநாதனால் மறைக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஜம்புலிங்கத்திடம் திங்கள் மத்தியானம் வரச் சொன்னது, அப்புறம் மனசு கேட்காமல் வேட்டி கட்டியது, மீனவரிடம் கெஞ்சியது, எல்லாம்.

அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. இப்படி அழவைத்துவிட்டோமே என்று குருநாதனுக்கு அவள் முதுகைத் தொடக்கூடத் தைரியம் வரவில்லை.

வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். கண் ஈரமாகத்தான் இருந்தது.

"அப்பாவுக்கு நீங்கதான் எழுதணும். தப்பு முழுக்க உங்களோடதுன்னு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

எழுதுகிறேன் என்றான்.

"இனிமே காலையில காபி நீங்கதான் போடணும்."

ஆயுசுக்கும் போடுகிறேன் என்றான். கேட்டிருந்தால் கிணற்றையே இறைத்துக் கொட்டியிருப்பான்.

மறுநாள் காலை விடிந்து பார்த்தார்கள், படகு இல்லை. குருநாதன் காபி போட்டுக் கொடுத்தான். இருவரும் கரையில் உட்கார்ந்திருந்தபோது கப்பல் வந்தது. சத்தமே இல்லாமல், பாலில் மிதக்கிற மாதிரி, பனிமூட்டத்துக்கு நடுவே வெள்ளையாக நகர்ந்து போனது. ஒரே ஒரு தரம் சங்கு ஊதியது. மங்கை எழுந்து நின்று கையை ஆட்டினாள். சின்னப் புள்ளியாகி மறையும் வரைக்கும் ஆட்டினாள். அதைப் பார்க்கப் பார்க்கக் குருநாதனுக்குத் தாங்கவில்லை.

"என்னை மன்னிச்சுடு மங்கை. நீ போயிட்டா அந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்னு நினைச்சே பார்க்க முடியல. அதான்."

அவள் கடலிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"இந்த ஒரு வார்த்தைய வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கோபம் இவ்வளவு சீக்கிரம் ஆறிவிட்டதே, இவள் மனசு தங்கம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மத்தியானம் ஆயிற்று. படகு வரவில்லை. சாயங்காலமும் ஆயிற்று. குருநாதன் ஜெட்டிக்கும் பங்களாவுக்கும் நடந்து நடந்து மணலில் ஒரு பாதையே போட்டுவிட்டான். அரிசி அடியில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் போகாவிட்டால் பெரிய அதிகாரி தோலை உரித்துவிடுவார். இஞ்சின் நிஜமாகவே மக்கர் பண்ணிவிட்டதோ, பொய் சொல்லச் சொன்னதற்குச் சாமி இப்படிப் பழி வாங்குகிறதோ என்றெல்லாம் புலம்பினான். மங்கையோ, வராமலா போய்விடுவான் என்று சொல்லிவிட்டு இளநீரை அண்ணாந்து குடித்தாள். மரத்தடியில் போய்ப் படுத்ததும் தூங்கியும் போனாள். தூக்கத்தில்கூட உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. என்ன கனவோ.

செவ்வாய் காலை வெயில் ஏறும் நேரத்துக்கு டகடகவென்று படகு வந்தது. ஜம்புலிங்கம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் கயிற்றை வீசிக் கட்டினான். மங்கை ஏறிப் போய் முன்பக்கம் உட்கார்ந்து, தண்ணீரில் கையை விட்டு அளைய ஆரம்பித்தாள். குருநாதன் பின்னாலேயே ஏறி, இரண்டு நாள் ஆத்திரத்தையும் படகுக்காரன் மேல் கொட்டினான். சொன்ன பேச்சு என்ன, வந்திருக்கிற நாள் என்ன, ஒரு மனுஷனுக்கு நாக்கு ஒன்றா இரண்டா என்று மூச்சு விடாமல் கேட்டான்.

ஜம்புலிங்கம் இஞ்சினை முடுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னான்:

"சாப், நீங்க மொதல்ல திங்கள்னு சொன்னீங்க, பின்னே மீன்காரன்கிட்ட ஞாயிறுன்னு சொல்லி விட்டீங்க. உங்களுக்கு முன்னாடியே சாத்தம் ஜெட்டியில என்கிட்ட வந்து, கப்பல் போன மறுநாள் செவ்வாய்க்கிழமை வந்தாப் போதும்னு சொன்ன அம்மாதான் ஒரே பேச்சுல நின்னாங்க."