பூட்டுக்காரன் வீட்டுச் சர்க்கரை

இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் சொன்னால் மனைவி சிரிக்கிறாள். கடையில் சொன்னால் வாடிக்கையாளர்கள் அவள் பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

நான் பூட்டுக் கடைக்காரன். சாவியைத் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பவர்களுக்கெல்லாம் நான்தான் தெய்வம். அந்தத் தெய்வத்துக்குத் தன் வீட்டுச் சர்க்கரை டப்பாவைத் தொட அனுமதி இல்லை.

எல்லாம் டாக்டரால் வந்தது. ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் எல்லை தாண்டியிருக்கிறது என்றார். அதோடு விட்டிருக்கலாம். என் மனைவி விடவில்லை.

"டாக்டர், சர்க்கரை கூடினா புற்றுநோய் வரும்னு எங்கேயோ படிச்சேன். நிஜமா?"

"அப்படி நேரா சொல்ல முடியாதும்மா. சர்க்கரை நோய் இருக்கறவங்களுக்குச் சில வகைப் புற்றுநோய் கொஞ்சம் அதிகமா வருது. அது சர்க்கரையாலயா, இன்சுலினாலயா, உடம்பு எடையாலயான்னு இன்னும் ஆராய்ச்சி பண்றாங்க. பயப்படாதீங்க. இனிப்பைக் குறைக்கட்டும், நடக்கட்டும், எடை இறங்கட்டும்."

இதில் 'பயப்படாதீங்க' மட்டும் என் காதில் விழுந்தது. மிச்சமெல்லாம் அவள் காதில் விழுந்தது.

பிறகு நர்ஸ் வந்து, வீட்டிலேயே சர்க்கரை பார்க்கிற மீட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கினார். என் மனைவி கவனமாகக் கேட்டாள். நான் மருந்து அலமாரியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேர்பின் காட்டினாலே திறந்துகொள்ளும் பூட்டு. ஓர் ஆஸ்பத்திரிக்கு இது அழகா?

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் என்ன உறவு? சம்பந்தியா, பங்காளியா?"

"எங்க அப்பா உடம்புக்கு ரெண்டும் வந்துச்சு. உறவு என்னன்னு நான் கேக்கல."

"அது அவர் உடம்பு. இது என் உடம்பு."

"உடம்பு உங்களுது. ஆஸ்பத்திரி வாசல்ல உக்காரப் போறது நான்."

பதில் இல்லாத இடத்தில் எனக்குக் கோபம் வரும். இனி வீட்டில் இனிப்பே கிடையாது என்று அவள் சொல்லிவிட்டாள். ஒரு பூட்டுக்காரனுக்கே பூட்டா? அன்றே களத்தில் இறங்கினேன். ஜாம் பாட்டில் என் கருவிப்பெட்டிக்குள், பூட்டுக்குள் பூட்டுக்குள் பூட்டாகக் குடியேறியது. மற்ற இடங்களைச் சொல்ல மாட்டேன். தொழில் ரகசியம்.

"வீட்டுல இனிப்பே வாங்கறதில்ல. எடை மட்டும் எப்படிங்க ஏறுது?"

"காத்துலேயே சத்து இருக்கு."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாமான் அறையில், ஜாம் பாட்டிலுக்குள் ஆள்காட்டி விரலை விட்டு அடிவரை வழித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, வாங்க. சர்க்கரை பாக்கணும்."

விரலை நக்கித் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வந்தேன்.

"கையைக் கழுவிட்டு வந்துடறேன்."

அவள் என் விரலை உற்றுப் பார்த்தாள்.

"அதெல்லாம் வேண்டாம். உக்காருங்க."

அதே விரல். ஒரு குத்து, ஒரு சொட்டு. மீட்டரைப் பார்த்தவள் நெற்றியில் கை வைத்தாள்.

"எவ்வளவு?"

"நானூத்திப் பன்னெண்டு."

டாக்டர் சொன்னதில் அன்றைக்கு என் காதில் விழாததெல்லாம் இப்போது மொத்தமாக வந்து விழுந்தது. சில வகைப் புற்றுநோயாமே. எந்த வகை?

"எனக்கு ஏதாவது ஆயிடுமா?"

"டாக்டருக்குப் போன் பண்றேன். என்ன சாப்பிட்டீங்கன்னு கேப்பாரு. மறைக்காம சொன்னாத்தானே வைத்தியம் பண்ண முடியும்?"

சொன்னேன். உயிர் பெரிதா, ரகசியம் பெரிதா? கருவிப்பெட்டி ஜாம். மழைக்கோட்டு உள்பையில் சாக்லேட். ஓடாத கடிகாரத்துக்குப் பின்னால் கிரீம் பிஸ்கட். அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். கருவிப்பெட்டிச் சாவிகளை நானே எடுத்துக் கொடுத்தேன், எந்தப் பூட்டுக்கு எது என்றும் சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"பழைய ஷூ ஒண்ணு இருக்கே. இடது காலுக்குள்ள மிட்டாய்."

அதையும் கூடையில் போட்டாள். போனைத் தொடவே இல்லை.

"இப்போ சோப்பு போட்டு நல்லாக் கையைக் கழுவிட்டு வாங்க."

மறுபடி, வேறு விரலில் ஒரு குத்து. நூற்று நாற்பத்தாறு.

"லேசா கூடத்தான் இருக்கு. நாளைலேர்ந்து நடக்கலாம், நானும் வரேன்."

"அப்போ அந்த நானூறு?"

"விரல்ல ஒட்டியிருந்த ஜாம். கையைக் கழுவாம பாத்தா மீட்டர் தப்பாக் காட்டும்னு நர்ஸ் சொன்னாங்களே. நீங்க அலமாரியைப் பாத்துட்டு இருந்தீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடே அதிர்ந்தது.

"இது மோசடி. தெரிஞ்சும் ஏன் முதல்லேயே கழுவ விடல?"

அவள் துணிக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கழுவியிருந்தா மீட்டர் உண்மையைச் சொல்லியிருக்கும். நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க."