பனி படிந்த தாலிப் படம்

"ஒரே ஒரு தபாம்மா. சும்மா கட்ற மாதிரி" என்றான் போட்டோகிராபர் பார்த்திபன்.

வெயிலில் காய்ந்த வேர்க்கடலையைக் கிளறிக்கொண்டிருந்த மணப்பெண்ணின் அம்மா சம்பூர்ணம் நிமிர்ந்தாள்.

"இன்னாது? தாலி இன்னா சொக்காயா, கழட்டிக் கழட்டி மாட்டிக்கினு இருக்க? ஒரு பொண்ணு கழுத்துல ஒரு தபாதான் ஏறணும். ஏன், கல்யாணத்தன்னிக்கு நீ எடுத்த படம் இன்னா ஆச்சு?"

"அது சூப்பரா கீதும்மா. இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு…"

உண்மையில் அந்தப் படத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அதற்கு நடுவே மஞ்சளாக ஏதோ இருந்தது. அது தாலியாகவும் இருக்கலாம், வாழைப்பழமாகவும் இருக்கலாம்.

காரணம் எளிமையானது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலை வெளியே வைத்தால் அதன் மேல் நீர் பூக்கும். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த பரப்பைக் கண்டால் அங்கே போய் உட்கார்ந்துவிடும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் ஈரத்துக்குக் குறைவில்லை. மாப்பிள்ளையின் ஏ.சி. அறையில் இருந்த கேமராவைப் பார்த்திபன் நேராக மணமேடைக்குக் கொண்டுவந்தான். லென்ஸ் வியர்த்தது. துடைத்தான். கண்ணாடியின் குளிர் போகவில்லை. ஆகவே மறுபடியும் வியர்த்தது. துடைத்துப் பயனில்லை, அது சூடாகும்வரை காத்திருக்க வேண்டும்.

வழக்கமாக அதற்கு நேரம் கிடைக்கும். மஞ்சள் கயிறு வழுக்கும், பூஜடை தடுக்கும், மாப்பிள்ளையின் விரல் நடுங்கும். ஆனால் படூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை விஷால், ஷூ லேஸ் கட்டுவதுபோலக் கட்டி முடித்துவிட்டான். வீடியோ கேமராவும் அதே ஏ.சி. அறையிலிருந்து வந்ததுதான். உறவினர்களின் செல்போன்களையும் வாங்கிப் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் மற்றவர்களின் செல்போன்கள் மிகத் தெளிவாக விழுந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி விருந்து. அங்கே எல்லோர் முன்னிலையிலும் ஆல்பத்தைத் திறப்பார்கள். செய்யூர்ப் பக்கம் யாரும் விளம்பரம் பார்த்து போட்டோகிராபரைக் கூப்பிடுவதில்லை. இன்னொரு வீட்டு ஆல்பத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். தாலியை விட்டவன் என்று பெயர் விழுந்தால், அதன்பின் பாஸ்போர்ட் சைஸ் படம்தான் சோறு போட வேண்டும்.

பார்த்திபன் ஸ்டுடியோவுக்கு வந்து மனைவி ரேணுகாவிடம் சொன்னான்: "வேற கல்யாணத்துலேர்ந்து கைய எடுத்து ஒட்டிடறேன்."

"எவனோ ஒருத்தன் கையையா? நல்லா கீதுய்யா உன் தொழிலு."

கை ஒட்டுவது எளிய வேலையல்ல. வெளிச்சம் இரண்டு படத்திலும் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். விரலின் நிழல் கழுத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் கை காற்றில் மிதக்கும். மதுராந்தகத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தின் மாப்பிள்ளைக் கை அச்சாகப் பொருந்தியது. நிழலையும் வரைந்து, மாதிரிப் படத்தை சம்பூர்ணத்துக்கு அனுப்பினான். அவள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

சற்று நேரத்தில் போன் வந்தது.

"யாருய்யா அந்தக் கவிதா?"

"எந்தக் கவிதாம்மா?"

"எம் மாப்ள மணிக்கட்டுல பச்சை குத்திக்கினு கீதே, அந்தக் கவிதா! எம் பொண்ணு பேரு ஜோதிலட்சுமி. ஒம்போது பொருத்தம் பாத்து நானே தேடிப் புட்ச்ச மாப்ளய்யா அது!"

பார்த்திபன் படத்தைப் பெரிதாக்கினான். மதுராந்தகத்து மாப்பிள்ளை மனைவி மேல் உயிரையே வைத்திருந்தவன். பார்த்திபன் விரல்களை மட்டுமே கவனித்திருந்தான்.

"அது… பிரிண்ட் போட்டா போயிடும்மா."

"பேரு எப்டிய்யா போவும்?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

இனி ஒரே வழிதான். மாப்பிள்ளையின் கையையே படமெடுத்து ஒட்ட வேண்டும். மறுநாள் விஷால் பைக்கில் வந்து இறங்கினான். மணிக்கட்டு சிவந்திருந்தது.

"மேக்கப் போட்டு மறச்சிக்கினு கீறேன்னு அத்தை சோப்பு போட்டுத் தேச்சிட்டாங்கண்ணா."

கழுத்துக்கு ரேணுகா. ஜோதியின் முகூர்த்தப் புடவை நிறத்திலேயே ஒன்றைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தாலி கிடையாது, வெறும் மஞ்சள் கயிறு.

"சட்டுனு எடுய்யா. குக்கர் வெச்சிட்டு வந்துகீறேன்."

பார்த்திபன் கேமராவைத் தூக்குவதற்குள் விஷால் கட்டி முடித்திருந்தான்.

"சார், மெதுவா. நான் இன்னும் போகஸே பண்ல."

"மெதுவா கட்ட வரலண்ணா."

ஸ்டுடியோவின் முன்கதவு கண்ணாடி. பகலில் வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டுமாக இருக்கும்போது அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பது தெரியாது. உள்ளே பெரிய விளக்குகளைப் போட்டால் கணக்கு மாறிவிடும். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். தெருவில் பூக்காரி வேண்டா நின்றிருந்தாள். அவள் கேமராவைப் பார்க்கும்வரை காத்திருக்கவில்லை, நேராகச் சம்பூர்ணத்தின் வீட்டுக்கு ஓடினாள்.

குக்கர் விசில் அடிப்பதற்குள் ஆட்டோ வந்தது. சம்பூர்ணம் முதலில் குதித்தாள். பின்னால் ஜோதி, அவளுக்கும் பின்னால் வேண்டா.

"எங்கடி அந்தக் கவிதா?"

கயிற்றோடு ரேணுகா திரும்பினாள். "கவிதா இல்லம்மா, ரேணுகா. இவரு பொண்டாட்டி."

"அய்யய்யோ, கல்யாணம் ஆனவளா!" என்று வேண்டா தலையில் கை வைத்தாள்.

வேறு வழியில்லாமல் பார்த்திபன் உண்மையைச் சொன்னான். ஏ.சி. அறை, குளிர்ந்த பாட்டில், காற்றின் ஈரம், மதுராந்தகத்துக் கை என்று ஒன்றுவிடாமல் வரிசையாக விளக்கினான். சம்பூர்ணம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ தாலிப் படம் இல்ல."

"இல்லம்மா."

"ஞாயித்துக்கெழம சம்பந்தி முன்னால இன்னாத்தக் காட்றது? பாட்டிலையா? அந்த ஆல்பத்துல தாலி இல்லாம போவட்டும், செய்யூர்லேர்ந்து மதுராந்தகம் வரிக்கும் ஒரு வூட்டு வாசப்படி நீ ஏறமாட்ட!"

மாப்பிள்ளையின் சிவந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார்ந்தாள். வேண்டாவும் ஏறிக்கொண்டாள்.

"செருப்பக் காணோம்மா, வந்துகினே கீறேன்" என்று குரல் கொடுத்த ஜோதியின் காலில் செருப்பு இருந்தது. அவள் தன் போனைப் பார்த்திபனிடம் நீட்டினாள்.

"அண்ணா, இத்தப் போட்டுடுங்க."

பார்த்தான். விஷால், ஜோதி, மஞ்சள் கயிறு, பத்து விரல்கள், முடிச்சு. ஒரு துளிப் பனி இல்லை. பார்த்திபனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா, இத்த மொதல்லயே குடுத்திருக்கக் கூடாதா?"

பழக்க தோஷத்தில் படத்தைப் பெரிதாக்கினான். புடவை பச்சையாக இருந்தது. பின்னால் ஒரு கோயில் மணி தொங்கியது. தரையில் இரண்டு ஹெல்மெட்கள் இருந்தன.

"பொடவைக் கலர மாத்திக்கலாம். மணிய அழிச்சிடலாம். ஆனா இது நம்ம மண்டபம் இல்லியேம்மா. எப்ப எடுத்தது?"

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. ஜோதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வருசம் பங்குனியில. மண்டபத்துல கட்னதுதாண்ணா ரெண்டாவது தபா."