ஆய்வாளரின் வயிறு

சுகாதார ஆய்வாளர் மறுபடியும் கழிவறையிலிருந்து வெளியே வந்தபோது, அலுவலக உதவியாளர் அக்கா தம்ளரோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன சார், இன்னும் நிக்கலையா?"

"மெதுவாப் பேசுங்கக்கா! மத்தியானம் வயித்துப்போக்கைத் தடுக்கிறது எப்படின்னு பேசப்போறவனே நான்தான். வெளியே தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

மானம் மட்டுமல்ல. பேச்சைக் கேட்க மேலதிகாரியும் வருகிறார். பதவி உயர்வு அவர் கையெழுத்தில் தொங்குகிறது. இதெல்லாம் ஆய்வாளரின் வயிற்றுக்கு எங்கே புரிகிறது?

முதலில் அவர் கேன்டீனைச் சந்தேகித்து, வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறினார். நிற்கவில்லை. பிறகு வீட்டுச் சாப்பாட்டையும் சந்தேகித்தார்.

"அப்ப நீங்களே சமைச்சுக்குங்க" என்று மனைவி கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டாள். அவர் சமையலுக்குப் பட்டினியே தேவலை என்று ஆகிவிட்டது.

"இப்போ நான் நம்புறது உங்க வெந்நீரை மட்டும்தான்க்கா" என்று தம்ளரைக் காலி செய்தார். குடித்தார், ஓடினார். ஓடினார், குடித்தார்.

பயந்துபோய் நர்ஸுக்குப் போன் போட்டார்.

"வெளியே போன தண்ணி உள்ளே வரணும் சார். ஓ.ஆர்.எஸ். பொடி வாங்கிக் கரைச்சு நிறையக் குடிங்க."

"அக்கா, நல்லாக் கொதிச்ச தண்ணியில கரைங்க. ஆனா நாக்கு வெந்துடாமப் பார்த்துக்குங்க" என்று வாங்கிய பொடியை நீட்டினார்.

அக்கா உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தார். தம்ளர் சில்லென்றிருந்தது.

"அடேங்கப்பா, இப்பத்தானே கொதிச்சுது!"

"நீங்க தவிக்கிறதைப் பார்த்துக்கிட்டு, ஆறட்டும்னு உட்கார்ந்திருக்க முடியுமா சார்?"

ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள். இன்னும் ஒரு ஜாடி கேட்டுக் குடித்தார்.

மதியம் கதவோரமாக நின்றபடியே பேசினார். எந்த நேரமும் ஓட வேண்டியிருக்கும் என்ற பயமே பேச்சுக்கு ஒரு வேகத்தைக் கொடுத்தது.

"சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. ஈ மொய்ச்சதைத் தொடாதீங்க. கொதிக்க வைக்காத குழாய்த் தண்ணி ஒரு சொட்டுகூட வாயில படக்கூடாது!"

கைத்தட்டலில் அறை அதிர்ந்தது. மேலதிகாரி எழுந்து வந்து தோளைத் தட்டினார்.

"இவரை மாதிரி வாழ்ந்து காட்டணும். யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க."

கடைசி வரிசையில் அக்கா கையைத் தூக்கினார்.

"சார், உங்க வெந்நீர் சீக்கிரம் ஆறணும்னு குழாய்த் தண்ணியில உறைய வெச்ச ஐஸைப் போட்டுத் தர்றேனே, அந்த ஐஸையும் கொதிக்க வெச்சுட்டுத்தான் போடணுமா?"