மாதாவுக்குக் கீழே ஒரு சப்வூஃபர்

எனக்குப் பொறுமை இல்லை என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். சுத்தப் பொய். இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டில், தீர்த்தம் பட்டுப் புகைந்துபோனது. அதற்குப் பிறகு புதிதாக வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் பின்பாதி. அப்போதுதான் மூவறை வீடு ஒன்றுக்குக் குடி வந்திருந்தோம். மூவறை என்பது பெயருக்குத்தான், கூடத்தையும் சேர்த்து எண்ணினால்தான் மூன்று வரும். படுக்கையறை இரண்டு. ஒன்று அப்பா அம்மாவுக்கு. இன்னொன்று என் தம்பி சேவியருக்கு. அவன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், இருந்தான். வாரக் கடைசியில் வந்து, தின்று, தூங்கிவிட்டுப் போவான். மற்ற நாளெல்லாம் அந்த அறை காலியாகக் கிடக்கும். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஷிஃப்ட் வேலை பார்த்த எனக்கோ கூடத்தில் ஜன்னலோரமாக ஒரு மூலை. ஒரு மடக்குக் கட்டில், ஒரு தையல் மெஷின், இரண்டையும் மறைக்க ஒரு திரை. “ஆம்பளப் பிள்ளைக்கு ரூம் வேணும்மா” என்றார் அம்மா. பெண் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. (இப்பவும் கேக்கல.)

அந்த மூலைக்கும் ஆபத்து வந்தது.

அப்பா துறைமுகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். நண்பர் வீட்டில் நெஞ்சுயரத்துக்கு நின்ற இரண்டு ஸ்பீக்கர்களைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கூடத்தின் நடுவில் நின்று கைகளை விரித்துக் காட்டினார். “ஒண்ணு இந்த மூலை. ஒண்ணு அந்த மூலை. நடுவுல நான்.”

“அந்த மூலையில நான் படுக்கிறேன்ப்பா.”

“நீ எங்க வேணும்னாலும் படுக்கலாம்மா. ஸ்பீக்கர் அப்படி இல்ல. ஸ்டீரியோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அப்போது என்னிடம் பொறுமை இருந்ததல்லவா, யோசித்தேன். மறுநாள் வேலை முடிந்து ரோச்சோர் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்கார இளைஞன் ரொட்டி அளவில் இரண்டு குட்டி ஸ்பீக்கரும், முழங்கால் உயரத்தில் ஒரு மரப்பெட்டியும் காட்டினான். குட்டிகள் சுவரில் தொங்கும். கனமான ஓசையெல்லாம் பெட்டியிலிருந்து வரும். அந்தப் பெட்டியை எங்கே வைத்தாலும் பரவாயில்லையாம். “சப்வூஃபர், சிஸ்டர். ஸோஃபா பின்னாடிகூட வைக்க கேன் லா” என்று எனக்காகத் தமிழும் பேசினான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அவர் பெட்டியைச் சுற்றி வந்தார். “சப்னா என்ன? சப்-ஏஜென்ட், சப்-கான்ட்ராக்டர். எங்க வார்ஃப்ல சப்னு ஆரம்பிச்ச எவனும் உருப்பட்டதில்ல. எனக்கு மெயினே வேணும்.” கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்க அரை மணி நேரம் சண்டை போட்டோம். என் போனஸில் வாங்குவதால் நான் ஜெயித்தேன். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என் கட்டிலையே மீட்டு எடுத்து வருவதாக நினைப்பு. (எவ்வளவு பெரிய லூசா இருந்திருக்கேன் பாருங்க.)

அடுத்த சனிக்கிழமை வீடு மந்திரிக்க ஃபாதர் வருவதாக ஏற்பாடு. எனக்குப் பகல் ஷிஃப்ட். நான் வீடு வந்து சேர்ந்தபோது கூடம் நிறையக் கோயில் கூட்டம். முன்வரிசையில் லூர்து அத்தை, அப்பாவின் அக்கா, ஜெபமாலைக் குழுவின் தலைவி. அவர் முழங்கால் போட்டால் கூடமே முழங்கால் போடும். எல்லோருக்கும் முன்னால் லேஸ் துணி விரித்த பீடம். பீடத்தின் மேல் இரண்டு மெழுகுவத்தி, நடுவில் எங்கள் லூர்து மாதா சுரூபம்.

அந்தப் பீடத்துக்குச் சின்னதாக நான்கு கால்கள் இருந்தன. அவற்றை நான் துடைத்திருக்கிறேன்.

“அம்மா, அது என் சப்வூஃபர்.”

“அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குடி. சும்மா நில்லு, ஃபாதர் ஆரம்பிக்கிறார்.”

ஃபாதர் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு வந்தார். ஒரு பாட்டோடு முடிக்கலாம் என்றார். அப்பாவுக்கு இதுதான் சமயம். கோயில் பாடகர் குழுவின் கேசட்டைப் போட்டார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் “சப்பு என்னதான் கிழிக்குதுன்னு பாக்கலாம்” என்று பெட்டியின் வால்யூம் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆர்கனின் அடிக்கட்டை ஓசை வந்தது. மாதா நடுங்கினார். வழுவழுப்பான பெட்டி, அதன்மேல் லேஸ் துணி, அதன்மேல் பிளாஸ்டர் சுரூபம். மெதுவாக இடப்பக்கம் திரும்பி, லூர்து அத்தையை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தார். ஆர்கன் நின்றதும் நின்றார். அடுத்த அடி தொடங்கியதும் மறுபடி நகர்ந்தார்.

“மாதா வர்றாங்க” என்றார் லூர்து அத்தை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கூடமே முழங்காலில் விழுந்தது. அம்மா அழுதார். சேவியர், அந்த ரூம்காரன், சல்யூட் அடித்தான்.

நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். சுரூபம் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. ஆர்கன் சத்தத்துக்கு மேலாகக் கத்தினேன். “அத்தை, அது மாதா இல்ல. சப்வூஃபர். சப்வூஃபர்தான் அசைக்குது.”

அத்தை என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “ஃபாதர், லூசிஃபர்னு சொல்றா.”

“லூசிஃபரா? சாத்தானா?” என்றார் ஃபாதர்.

“சப்வூஃபர்” என்று கத்தினேன்.

“இன்னும் அந்தப் பேரையே சொல்றா. எங்க இருக்கான்டி?”

ஆத்திரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. விரலை நீட்டி, “துணிக்குக் கீழ” என்றேன்.

அத்தை மாதாவைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். ஃபாதர் வயதானவர், பாவம், அவரும் பயந்துவிட்டார். தெளிக்கவில்லை, ஊற்றினார். செம்பில் மிச்சமிருந்த தீர்த்தம் முழுவதும் லேஸ் துணியை நனைத்து, பெட்டியின் பின்பக்கமாக இறங்கியது. ஒரு நீலப் பொறி பறந்தது. டப்பென்று ஒரு சத்தம், கரிந்த வாடை, வீடு முழுக்கக் கரண்ட் போனது.

இருட்டில் லூர்து அத்தையின் குரல் கேட்டது. “போயிட்டான்.”

என் சப்வூஃபர் போய்விட்டது. விளக்கு வந்ததும் எல்லாவற்றையும் விளக்கினேன், கடைசியில் கத்தினேன். ஃபாதர் புரிந்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். தோள்கள் குலுங்கின. அத்தை கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. “பேரப் பாத்தாலே தெரியல?” என்றார். அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “சப்பு.”

அடுத்த மாதம் நெஞ்சுயர ஸ்பீக்கர்கள் வந்தன. ஒன்று இந்த மூலை, ஒன்று அந்த மூலை, நடுவில் அப்பா. என் மடக்குக் கட்டில் சமையலறையில் ஃப்ரிட்ஜ் பக்கத்துக்குப் போனது. கல்யாணம் ஆகிற வரைக்கும் அங்கேதான் படுத்தேன். அந்த ஃப்ரிட்ஜ் இரவெல்லாம் உறுமும். சேவியரின் அறை வாரத்தில் ஐந்து நாள் காலியாகத்தான் கிடந்தது.

இப்போது சேவியர் சுவா சூ காங்கில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் அங்கேதான் கூடுவோம். அந்தக் கதையை அவன் வருஷம் தவறாமல் சொல்கிறான், சல்யூட்டை மட்டும் விட்டுவிட்டு. அவன் பிள்ளைகளுக்கு என் பெயர் சப்வூஃபர் அத்தை. பார்க்கச் சின்ன உருவம், வாயைத் திறந்தால் வீடே அதிரும் என்பது அவர்கள் விளக்கம்.

அவன் கூடத்தில் ஜன்னலோர மூலையில் ஒரு நாற்காலி இருக்கிறது. நான் உள்ளே நுழைந்ததும் அதில் உட்கார்ந்திருப்பவர் யாரானாலும் எழுந்துவிடுகிறார். ஒருமுறை அவனுடைய புது மருமகன் விவரம் தெரியாமல் உட்கார்ந்தே இருந்தான். சேவியர் பதறிக்கொண்டு சொன்னான். “தம்பி, எந்திரிச்சிருங்க. அது அக்கா மூலை.”

இதை அவன் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.