பரிசோதனைக்குத் தெரியாத மகள்

அன்புள்ள இர்மெலி அக்காவுக்கு,

துர்க்கு நகரிலிருந்து தம்பி வெய்க்கோ எழுதுவது. நீயும் உன் அடுப்பும் சூடாக இருக்க வேண்டும். இங்கே முழங்கால் தவிர எல்லாம் நலம்.

பத்திரிகைக்காரப் பழக்கம், உறுதியானதை முதலில் சொல்கிறேன். என் மகள் தைனாவின் உடம்பில் எல்ஹெச் ஹார்மோன் இருக்கிறது. சொன்னவர் மருத்துவமனை ஆய்வகத்து டாக்டர் ஹெல்வி, இன்று காலை, தொலைபேசியில்.

இதுவரை இல்லை என்றுதான் சொன்னார்கள். கருமுட்டையை வெளியேறச் சொல்லும் அந்த ஹார்மோன் பூஜ்யம், குழந்தைக்கு வழியில்லை என்று வேறோர் ஆய்வகம் எழுதிக் கொடுத்தது, கருமுட்டை வெளியேறும் நாளைக் காட்டும் குச்சியால் வீட்டில் சோதித்தும் கோடு விழவில்லை, மாதவிலக்கு மட்டும் ஒழுங்காக வந்தது, அதன்பிறகு கடையின் தானியங்கிக் கதவும் அவளுக்குத் திறக்கவில்லை, சவுனா நீராவி அறையில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே ஆளில்லை என்று விளக்கு அணைந்தது, வெளியிலிருந்து மாப்பிள்ளை யார்க்கோ, "தைனா, உள்ளதான இருக்க?" என்று கேட்க, "ரிப்போர்ட்டப் பாத்துச் சொல்றேன்"னு இருட்டுக்குள்ளேருந்து குரல் மட்டும் வந்துச்சாம்.

ஹெல்வி விளக்கினார். "அவங்க ஹார்மோனோட உருவம் கொஞ்சம் வேற. அப்படி மாத்துற மரபணு அம்மாகிட்டேருந்து ஒண்ணு, உங்ககிட்டேருந்து ஒண்ணு. சில சோதனைக்கு அது கண்ணுலயே படாது. சினைப்பைக்குத் தெரியும். அதனாலதான் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் கூடவே இருக்கு!"

"அப்ப என்னோடது?"

"உங்களுக்கு ஒண்ணுதான் மாறியிருக்கும். பாதி தெரியும்."

கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். முழுதாகத்தான் இருக்கிறேன்.

கதவு பழுது, விளக்கின் உணரியில் ஈரம் என்று பராமரிப்பாளர் சொல்லிவிட்டார். ஆகவே அக்கா, அமானுஷ்யம் எதுவுமில்லை. யாரிடமும் கதை கட்டாதே.

இனி வரவேண்டியது ஒன்று. இந்த மாதம் விலக்குத் தள்ளிப்போயிருக்கிறது. கர்ப்பக் குச்சி வாங்கிவரவா என்றேன். "வேணாம்பா. எத்தனை தடவதான் வெறுங்குச்சியப் பாத்து அழறது?" என்றாள். கர்ப்பப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறாள், முடிவு செவ்வாய் மதியம்.

உன் வீட்டுக்கு நீண்ட கோடை வாய்க்கட்டும்.

அன்புடன்,
வெய்க்கோ

பி.கு.: உறையை மறுபடி பிரித்து எழுதுகிறேன். அஞ்சலில் சேர்க்கத் தைனாவோடு, அஞ்சலும் எடுக்கிற அதே கடைக்குப் போனேன். இன்னும் கதவைச் சரிசெய்யவில்லை. ஆனாலும் நான் வெளியே நிற்க, அவள் நெருங்கியதும் இந்த முறை திறந்தது. அவள் உள்ளே போனாள், மூடியது. உடனே மறுபடி திறந்தது, பின்னால் இன்னொருவர் வருவதுபோல, கொஞ்ச நேரம் பொறுமையாகத் திறந்தே நின்றது. அங்கே யாருமில்லை. தைனா திரும்பிப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, நீங்க எதும் சொல்லாதீங்க" என்றாள்.

சாட்சி நான் ஒருவன்தான். அதுவும் பாதிதான் தெரிகிற ஆள். செவ்வாய்வரை இதை அச்சிட முடியாது.